அங்கவடி அசைய மறுக்கும்போது: பரம்பரையாக வரும் எலும்பு நோயும் காது கேளாமையும்

காது மந்தமாகி வருகிறவர்கள் பெரும்பாலும் உரக்கப் பேசுவார்கள். தங்கள் குரலே தங்களுக்குச் சரியாக எட்டாததால் அளவு தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு வகையினரும் உண்டு. இவர்களுக்கும் காது கேட்பதில்லை, பேச்சோ முணுமுணுப்பாக இருக்கும். "நீயே இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாய், உனக்கா காது கேட்கவில்லை?" என்று வீட்டில் நம்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு, அமைதியான அறையில் திணறுகிற அதே ஆள் ஓடும் ரயில் பெட்டியில் எதிரில் இருப்பவர் சொல்வதை நன்றாகவே புரிந்துகொள்வார். வேண்டியபோது கேட்கும், வேண்டாதபோது கேட்காது என்ற கெட்ட பெயரும் வந்து சேரும்.

நடிப்பெல்லாம் இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்த விசித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். அவர் குறிப்பிடும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் முரசு அடித்தால்தான் பேச்சு கேட்குமாம். அவளோடு பேச வேண்டும் என்பதற்காகவே கணவர் முரசடிக்க ஒரு வேலையாளை வைத்துக்கொண்டாராம். கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் விளக்கம் எளிது. இரைச்சலில் எல்லோரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். தாழ்ந்த சுருதியில் வரும் அந்த இரைச்சல் இவர் காதுக்குள் அவ்வளவாக நுழைவதில்லை, உயர்த்திய குரல் மட்டும் நுழைகிறது.

மெதுவாகப் பேசுவதன் காரணத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காதையும் விரலால் இறுக அடைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேசுங்கள். வெளியுலகம் மங்கிவிடும், உங்கள் குரல் மட்டும் பானைக்குள் பேசியதுபோல் கணகணவென்று ஒலிக்கும். உங்கள் குரல் மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போவதால் அது. இந்த நோயாளிக்கு நாள் முழுவதும் அப்படித்தான். தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்பதால் தணித்துக்கொள்கிறார். ஆக, கேட்கும் உறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒலி அங்கே போகிற வழியில்தான் தடை. அந்தத் தடை பெரும்பாலும் ஒரே ஒரு எலும்பில், அதுவும் அரிசி மணியை விடச் சிறிய எலும்பில் இருக்கிறது. நோயின் பெயர் ஓட்டோஸ்கிளிரோசிஸ்.

மூன்று மில்லிகிராம்

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. கடைசியாக உள்ள அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், எடை சுமார் மூன்று மில்லிகிராம். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்போல இரண்டு கால்களும், அவற்றை இணைக்கும் ஒரு தட்டையான அடிப்பலகையும் இதற்கு உண்டு. அந்த அடிப்பலகை உட்காதின் நீள்வட்டச் சாளரத்தில் கதவுபோல் பொருந்தியிருக்கிறது. பலகையைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று ஓடுகிறது. அதன் நெகிழ்ச்சியால்தான் இந்தக் கதவு உள்ளும் வெளியும் அசைகிறது.

எதற்கு இவ்வளவு ஏற்பாடு? வெளியே இருப்பது காற்று, உட்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தில் மோதினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். நீருக்குள் மூழ்கியவருக்குக் கரையில் இருப்பவர் கூப்பிடுவது கேட்காமல் போவது இதனால்தான். செவிப்பறையின் பரப்பு அங்கவடிப் பலகையைப் போல் ஏறக்குறைய 17 மடங்கு. பெரிய பரப்பில் விழும் அழுத்தத்தைச் சிறிய பரப்பில் குவித்து, எலும்புகளின் நெம்புகோல் வேலையும் சேர்ந்தால், அழுத்தம் சுமார் 22 மடங்காகிறது. அந்த உந்தலால்தான் திரவம் அசைந்து, நத்தை ஓட்டைப் போல் சுருண்ட காக்ளியாவில் உள்ள உணர்முடி செல்கள் தூண்டப்படுகின்றன.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இறுகிவிட்டால் முன்னால் இருப்பவை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. முழுவதும் இறுகிய நிலையில் 60 டெசிபல் வரை கேட்கும் திறன் குறையும். சாதாரண உரையாடலே ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு பெரியது என்று புரியும்.

எலும்பு ஏன் இறுகுகிறது

உடம்பில் உள்ள எலும்பு கல்லைப்போல் கிடப்பதில்லை. பழைய எலும்பை அரித்துத் தின்னும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மொத்த எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உட்காதைச் சூழ்ந்திருக்கும் எலும்பு உறை. கருவில் இருக்கும்போதே அது முழு அளவை எட்டிவிடுகிறது. அதன்பிறகு அங்கே புதுப்பித்தல் ஏறக்குறைய நின்றுபோகிறது. உட்காதே ஆஸ்டியோபுரோட்டெகரின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு தின்னும் செல்களை அண்ட விடாமல் வைத்திருக்கிறது. நுட்பமான அளவுக்கருவி ஒன்றை வைத்திருக்கும் அறையில் யாரும் சுவரை இடித்துக் கட்டக் கூடாது என்பது மாதிரியான ஏற்பாடு.

ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்பது அந்தத் தடையுத்தரவு மீறப்படுவது. ஓர் இடத்தில் எலும்பு அரிக்கப்படுகிறது, இரத்தக்குழாய்கள் நிறைந்த பஞ்சுபோன்ற எலும்பு அங்கே முளைக்கிறது, பிறகு அது இறுகிக் கெட்டியாகிறது. பெரும்பாலும் நீள்வட்டச் சாளரத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு குறிப்பிட்ட புள்ளியில்தான் இது தொடங்குகிறது. அங்கிருந்து பரவி அங்கவடிப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் கதவு திறக்காது. பலகையைத் தொடாமல் வேறு பக்கம் பரவினால் அந்த ஆளுக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தெரியாமலே போகலாம். ஐரோப்பிய வம்சாவளியினரின் காதெலும்புகளை நுண்ணோக்கியில் பார்த்த பழைய ஆய்வுகள் பத்தில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருப்பதாகக் கூறின. ஆனால் காது மந்தமாகும் அளவுக்குப் போவது நூற்றில் அரைப்பேருக்கும் குறைவு. ஆப்பிரிக்க, கிழக்காசிய வம்சாவளியினரிடம் இது இன்னும் அரிது.

அங்கவடி இறுகியிருப்பதைப் பிரேதப் பரிசோதனையில் முதலில் கண்டவர் 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான வல்சால்வா. ஆனால் நீண்ட காலம் இதை மூக்கடைப்பு, சளியின் பின்விளைவு என்றே நினைத்தார்கள். இது உட்காதெலும்பின் தனி நோய் என்று 1893-ல் நிறுவியவர் வியன்னாவின் ஆடம் போலிட்சர்.

குடும்பக் கணக்கு

இது குடும்பத்தில் ஓடும் நோய். பெற்றோரில் ஒருவரிடமிருந்து குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே போதும் என்கிற ஓங்கு மரபு வகை. அப்படியானால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வர வேண்டுமே? வருவதில்லை. மரபணுவைச் சுமப்பவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேரிடம்தான் நோய் தலைகாட்டுகிறது. பாதியில் நாற்பது சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு பிள்ளை. அதனால்தான் ஒரு தலைமுறையை நோய் தாண்டிப் போவதும், பாட்டிக்கு இருந்தது பேத்திக்கு வருவதும், "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று பலர் சொல்வதும் சகஜம். பாட்டி வயதானதால் கேட்கவில்லை என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

எந்த மரபணு என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. குரோமோசோம்களில் பல இடங்கள் சுட்டிக்காட்டப்பட்டிருக்கின்றன. 2021-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் பகுதிக் குடும்பம் ஒன்றில் ஃபாக்ஸ்எல்1 என்ற மரபணுவில் குறைபாடு கண்டறியப்பட்டது. அது சில குடும்பங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே இரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கும் நிலை இன்னும் வரவில்லை. அப்படி யாராவது விற்றால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

மரபணு மட்டும் போதாது, வேறு ஏதோ ஒன்று விசையை அழுத்த வேண்டும் என்பதற்குத் தட்டம்மை ஒரு சுவையான சாட்சி. பாதிக்கப்பட்ட எலும்புத் துணுக்குகளில் தட்டம்மை வைரஸின் தடயங்களைச் சில ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தடுப்பூசி பரவலான நாடுகளில் இந்த நோய் குறைந்து வருவதும் பதிவாகியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு முழுவதும் நிரூபணமாகிவிடவில்லை என்றாலும் அலட்சியம் செய்ய முடியாத பொருத்தம்.

பெண்களிடம் இது ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் 20 முதல் 45 வயதுக்குள் தொடங்குகின்றன. அது பிள்ளை பெறும் வயதும் கூட. அதனால், கர்ப்பம் தரித்தால் காது போய்விடும் என்ற பயம் தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. இதைக் காரணம் காட்டிப் பெண்களைப் பிள்ளை பெற வேண்டாம் என்று தடுத்த காலமும் இருந்தது. பிள்ளை பெற்ற நோயாளிகளையும் பெறாத நோயாளிகளையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வு அப்படி வித்தியாசம் எதையும் காணவில்லை. என்னைக் கேட்டால், மருத்துவம் சொன்ன ஆறுதல் செய்திகளில் இது போதிய அளவு பரவாத ஒன்று.

இசைக்கவை சொல்லும் சேதி

இந்த நோயைப் பிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்பதில்லை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று போதும், பாதி வேலை முடிந்துவிடும். டாக்டர் அதைத் தட்டி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அடியை ஊன்றுகிறார். பிறகு எடுத்துக் காதுத் துளைக்கு எதிரே பிடிக்கிறார். எங்கே உரக்கக் கேட்கிறது? நல்ல காதுள்ளவர் காற்றில்தான் என்பார். இவர், எலும்பில்தான் என்பார். அடுத்து கவையை நெற்றி நடுவில் ஊன்றினால், அதிகம் பாதிக்கப்பட்ட காதின் பக்கம் ஒலி சாய்வதாகச் சொல்வார். மோசமான காதில் ஏன் உரக்கக் கேட்கிறது என்று முதல்முறை நோயாளியே குழம்பிப்போவார். எலும்பு வழி வந்த ஒலி அந்தப் பக்கம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது, வெளியிரைச்சலும் அங்கே போட்டிக்கு வருவதில்லை.

செவிப்பறையை விளக்கு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறையே தெரியாது, அழகாக இருக்கும். சிலருக்கு மட்டும் பின்னால் பரவும் நோயின் இரத்தக்குழாய்கள் இளஞ்சிவப்பாக ஒளிரும். "காது நன்றாக இருக்கிறதே" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் இதனால்தான் நடக்கிறது. செவிப்பறை நன்றாக இருந்து கேட்காமல் போவதே இங்கே துப்பு.

கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் இரண்டு கோடுகள் வரும். காற்று வழிக் கேட்பதும் எலும்பு வழிக் கேட்பதும் தனித்தனியாக. இந்த நோயில் இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழும். முதலில் தாழ்ந்த சுருதிகளில், பிறகு எல்லாவற்றிலும். எலும்பு வழிக் கோட்டிலும் 2000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரியும். அமெரிக்கச் செவித்திறன் ஆய்வாளர் ரேமண்ட் கார்ஹார்ட் விவரித்த பள்ளம் இது. பார்க்க நரம்பும் கெட்டுவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அசையாத அங்கவடியின் விளைவு, பல நேரம் ஆபரேஷனுக்குப் பிறகு தானே மறைந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பலத்த ஒலி கேட்டால் நடுக்காதில் ஒரு சிறு தசை அங்கவடியைத் தன்னிச்சையாக இழுக்கும். அங்கவடி இறுகியிருந்தால் அந்த இழுப்பு பதிவாகாது. இதைச் செய்யாமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்களிடம் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். காரணம், உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேல் எலும்பு மெலிந்து ஓட்டை விழுந்திருந்தாலும் ஆடியோகிராம் இதே மாதிரி வரும். ஆனால் அவர்களுக்கு அந்தத் தசை ஒழுங்காக இழுக்கும். அவர்களுடைய அங்கவடியில் கைவைத்தால் பலன் பூஜ்யம். அதேபோல் பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் மரபணுக் குறையால் உட்காதின் அடித்தளம் உருவாகாமல் போன சிறுவர்கள் உண்டு. அவர்களிடம் அங்கவடியைத் திறந்தால் மூளைத் தண்டுவடத் திரவம் ஊற்றாகப் பீறிட்டு, மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். சிறு வயதிலிருந்தே கேட்கும் குறை உள்ளவர் என்றால் முதலில் சி.டி. ஸ்கேன் என்று சொல்வதன் அர்த்தம் இதுதான்.

உடைத்துப் பார்த்த காலம்

இறுகிய கதவை அசைத்தால் என்ன என்ற யோசனை புதியதல்ல. 1870-களில் யோஹானஸ் கெஸல் என்ற மருத்துவர் அங்கவடியை அசைத்தும் எடுத்தும் பார்த்தார். நுண்ணோக்கி இல்லை, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் இல்லை. உட்காது மூளைக்கு அடுத்த வீடு, அங்கே சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும் நேரத்தில் அன்றைய பெரிய காது நிபுணர்கள் எல்லாம் சேர்ந்து இது பயனற்றது, ஆபத்தானது என்று ஒதுக்கிவிட்டார்கள். அரை நூற்றாண்டு யாரும் தொடவில்லை.

இடையில் வேறு வழி தேடினார்கள். முன்கதவு திறக்கவில்லை என்றால் சுவரில் ஜன்னல் வைப்பது. அரைவட்டக் குழாயில் ஒரு துளை போட்டு ஒலியை அதன் வழியாக அனுப்புவது. 1938-ல் நியூயார்க்கின் ஜூலியஸ் லெம்பர்ட் இதை ஒரே கட்டத்தில் செய்து பிரபலமாக்கினார். கேட்டது, ஆனால் முழுவதும் அல்ல. எலும்புச் சங்கிலியின் உதவியே இல்லாததால் 20, 25 டெசிபல் குறை நிரந்தரமாக நின்றது. கூடவே வாழ்நாள் முழுவதும் சுத்தம் செய்ய வேண்டிய ஒரு குழியும் காதில் மிஞ்சியது.

1952-ல் அதே நகரில் சாமுவேல் ரோஸன் அந்த ஜன்னல் ஆபரேஷனுக்கு முன்னோட்டமாக, அங்கவடி உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று கருவியால் தொட்டுப் பார்த்தார். நோயாளி மயக்கத்தில் இல்லை, காது மட்டும் மரத்திருந்தது. தொட்டதில் அங்கவடி விடுபட்டது. மேசையில் படுத்திருந்தவர் எனக்குக் கேட்கிறது என்றார். பலருக்கு இப்படி அசைத்துவிட்டதில் கேட்டது. ஆனால் நோய் எலும்பை மறுபடி பிடித்துக்கொண்டது. 1956 மே மாதம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜான் ஷியா அடுத்த அடியை எடுத்து வைத்தார். அங்கவடியையே எடுத்துவிட்டு, சாளரத்தை நோயாளியின் சிரைத் துண்டால் மூடி, டெஃப்லானில் கடைந்த செயற்கை அங்கவடியைப் பொருத்தினார். இன்று செய்யப்படுவது அதன் வாரிசுதான்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை

இப்போது முழு எலும்பையும் எடுப்பதில்லை. காதுக் குழாய் வழியாகவே போய், செவிப்பறையைத் தோலோடு புத்தகப் பக்கம்போல் புரட்டுகிறார்கள். வழியில் நாக்கின் சுவையைச் சுமக்கும் மெல்லிய நரம்பு ஒன்று குறுக்கே ஓடும், அதை ஒதுக்கி வைக்க வேண்டும். ஊசியால் சுத்தியையும் பட்டடையையும் அசைத்துப் பார்த்து, அங்கவடி மட்டும் அசையவில்லை என்று உறுதி செய்கிறார்கள். பட்டடையோடு உள்ள மூட்டைப் பிரித்து, அங்கவடியின் மேல்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது சாளரத்தில் இறுகிய அடிப்பலகை. அதில் லேசராலோ நுண்ணிய துளைப்பானாலோ 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் துளை. அதற்குள் ஒரு பிஸ்டன், நாலு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். மேல்முனையில் உள்ள கொக்கியைப் பட்டடையில் மாட்டி நெருக்கிவிட்டால் சங்கிலி மறுபடி தொடர்கிறது. டெஃப்லான், டைட்டானியம் என்று வகைகள் உண்டு. நைட்டினால் என்ற நிக்கல், டைட்டானியக் கலப்பு உலோகக் கொக்கி வெப்பம் பட்டதும் தானே வளைந்து பிடித்துக்கொள்ளும். அந்த நெருக்குதலில் அதிகம் போனால் எலும்பு செத்துப்போகும், குறைவாக இருந்தால் பிஸ்டன் ஆடும். ஆபரேஷனின் தலையெழுத்தே அங்கேதான் இருக்கிறது.

அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் காற்று, எலும்பு இடைவெளி 10 டெசிபலுக்குள் வந்துவிடுகிறது. மருத்துவத்தில் இவ்வளவு நல்ல எண்ணை அடிக்கடி பார்க்க முடியாது. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: சுமார் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முழுவதுமாகப் போய்விடுகிறது. அப்படிப் போன காதில் ஹியரிங் எய்டும் உதவாது. நூற்றில் ஒன்று என்பது சிறியதாகத் தெரியலாம். மறு காது ஏற்கெனவே போனவருக்கு, மிச்சமிருக்கும் ஒரே காதில் இந்தச் சூதாட்டம் கூடாது என்பதில் பெரும்பாலான மருத்துவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். இரண்டு காதும் பாதிக்கப்பட்டிருந்தால் (பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அப்படித்தான்) மோசமான காதில் முதலில் செய்வதும் அதே காரணத்துக்காக.

ஆபரேஷன் முடிந்ததும் உலகம் திறந்துகொள்ளும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஏமாந்துபோவார்கள். காதுக்குள் பஞ்சும் இரத்தக்கட்டும் அடைத்திருக்கும். எழுந்தால் தலை சுற்றும், சில நாளில் அடங்கும். சுவை நரம்பு சீண்டப்பட்டிருந்தால் நாக்கில் இரும்புத் துண்டை வைத்ததுபோல் இருக்கும், அது மாதக்கணக்கில் கூட நீடிக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பளு தூக்கக் கூடாது, விமானப் பயணத்துக்குச் சில வாரம் பொறுக்க வேண்டும். பஞ்சு எடுத்த பிறகு இன்னொரு தொல்லை: எல்லாம் அளவுக்கு மீறி உரக்கக் கேட்கும். குழாயில் தண்ணீர் விழுவதும் காகிதம் கசங்குவதும் அடிப்பதுபோல் இருக்கும். மூளை பழகிக்கொள்ள நேரம் எடுக்கிறது. இதற்கிடையில் கேட்பது திடீரென்று குறைந்தாலோ தலைச்சுற்றல் திரும்பி வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. உட்காதுத் திரவம் கசிவதாக இருக்கலாம்.

ஆபரேஷன் எலும்பு நோயைக் குணப்படுத்துவதில்லை என்பது பலர் காதில் விழாமல் போகும் செய்தி. இறுகிய கதவில் ஒரு துளை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். நோய் காக்ளியாவின் சுவரை நோக்கிப் பரவினால் நரம்பு வழிக் கேட்டலும் மெல்லக் குறையும். பிஸ்டன் பல ஆண்டு கழித்து நழுவலாம், பட்டடையின் முனை தேயலாம். இரண்டாம் முறை செய்ய முடியும், ஆனால் முதல் முறையின் எண்கள் அதில் கிடைக்காது.

கத்தி இல்லாமல்

ஹியரிங் எய்டை ஆபரேஷனுக்கு ஏழைத் தங்கையாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த நோயில் அது நியாயமே இல்லை. காக்ளியா நன்றாக இருப்பதால் ஒலியைப் பெரிதாக்கிக் கொடுத்தாலே பேச்சு தெளிவாகப் புரியும். வயது காரணமாக நரம்பு தேய்ந்தவர்கள் எய்டைப் போட்டும் "சத்தம் வருகிறது, வார்த்தை புரியவில்லை" என்பார்களே, அந்தக் குறை இவர்களுக்குக் குறைவு. காதே போய்விடும் அந்த நூற்றில் ஒரு பங்கு ஆபத்தும் இதில் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம், ஆபரேஷனைக் கழற்ற முடியாது. காதில் சதா சீழ் ஒழுகி எய்டு போட முடியாதவர்களுக்கு மண்டை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன் வழியாக ஒலியை அனுப்பும் கருவி இருக்கிறது. 1977-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் முதலில் பொருத்தப்பட்டது.

மாத்திரை? எலும்பு அரிப்பைத் தடுக்க சோடியம் ஃபுளோரைடு தரலாம் என்று 1964-ல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜார்ஜ் ஷாம்பா முன்வைத்தார். நோயின் வேகம் குறையலாம் என்று சிலர் இன்றும் தருகிறார்கள், வயிற்றைக் கெடுக்கும். எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும் பரிசோதிக்கப்பட்டன. இரண்டுக்கும் ஆதாரம் பலமாக இல்லை, இறுகிய எலும்பை எந்த மாத்திரையும் விடுவிக்காது. நோய் காக்ளியாவையே தின்றுவிட்ட கடைசி நிலையில் இருப்பவர்களுக்கு, கேட்கும் நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி நன்றாக உதவுகிறது. ஒரு சிக்கல் மட்டும்: பஞ்சாகிப் போன எலும்பு வழியே மின்சாரம் கசிந்து பக்கத்து முக நரம்பைத் தொட்டு, ஒலி வரும்போதெல்லாம் கன்னம் துடிக்கலாம். அந்த மின்முனைகளை மட்டும் அணைத்து வைத்துச் சமாளிப்பார்கள்.

உடம்பு முழுக்க எலும்பு நொறுங்கும்போது

இதுவரை சொன்னது காதெலும்பில் மட்டும் வரும் நோய். உடல் முழுவதும் எலும்பைப் பாதிக்கும் பரம்பரை நோய்களிலும் காது போகும். அதில் முக்கியமானது கண்ணாடி எலும்பு நோய் என்று சொல்லப்படும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. எலும்புக்கு நாராக இருக்கும் முதல்வகைக் கொலாஜனின் மரபணுக்களில் குறை. 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது. லேசான வகையில் குழந்தை ஒன்றிரண்டு முறை கை உடைந்து வரும், கண்ணின் வெள்ளைப்பகுதி நீலம் பாய்ந்திருக்கும், பெரிதாக யாரும் கவலைப்பட மாட்டார்கள். இருபது முப்பது வயதில் காது மங்கத் தொடங்கும். நீல விழி, நொறுங்கும் எலும்பு, காது கேளாமை மூன்றும் ஒன்றாக வருவதை 1918-ல் வான் டெர் ஹூவே, டி கிளெய்ன் என்ற டச்சு மருத்துவர்கள் விவரித்தார்கள். பெரியவர்களான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கேட்கும் குறை உண்டு.

ஆடியோகிராம் ஓட்டோஸ்கிளிரோசிஸ் மாதிரியே இருக்கும், ஆனால் காதைத் திறந்தால் காட்சி வேறு. அங்கவடியின் கால்கள் நூலாக மெலிந்தோ ஏற்கெனவே ஒடிந்தோ கிடக்கும். அடிப்பலகையோ தடித்து, தொட்டால் இரத்தம் கசியும். கொக்கியைப் பட்டடையில் நெருக்கும்போது பட்டடையே ஒடியலாம். செய்யலாம், பலருக்குப் பலனும் கிடைக்கிறது. ஆனால் இந்த நோயைப் பழகிய கைகள் வேண்டும். நரம்புக் குறையும் கூடவே வருவதால் நீண்ட காலப் பலனும் சற்றுக் குறைவு. ஆகவே நீல விழி உள்ள ஒருவர் காதுக்காக வந்தால் முதலில் எய்டைப் பற்றிப் பேசுவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

எலும்பு நொறுங்குவதற்குப் பதில் அளவுக்கு மீறித் தடிக்கும் நோய்களும் இருக்கின்றன. ஆஸ்டியோபெட்ரோசிஸ், ஸ்கிளிரோஸ்டியோசிஸ் போன்றவற்றில் நரம்பு போகும் குழாய்களே குறுகி, கேட்கும் நரம்பும் முக நரம்பும் நசுங்கும். ஸ்கிளிரோஸ்டியோசிஸ் தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான ஆஃப்ரிகானர் குடும்பங்களில் அதிகம். அந்த மரபணுவை ஆராய்ந்துதான் எலும்புத் தேய்வுக்கான ரோமோசோசுமாப் என்ற மருந்து வந்தது என்பது கொசுறுச் செய்தி. எலும்பு புதுப்பித்தல் தாறுமாறாகும் பாஜெட் நோயில் மண்டையோடு பாதிக்கப்பட்டால் காக்ளியாவைச் சுற்றிய எலும்பின் அடர்த்தி குறைந்து காது மந்தமாகும். அங்கவடி அங்கே பெரும்பாலும் குற்றவாளி அல்ல, அதனால் பிஸ்டனுக்கும் அங்கே வேலை இல்லை. பீத்தோவனின் காது போனதற்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ், பாஜெட் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வதுண்டு. 2023-ல் அவர் தலைமுடியின் டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தார்கள், காதுக்கான விளக்கம் கிடைக்கவில்லை.

ஒரு காதில் பிஸ்டன் வைத்து நன்றாகக் கேட்கத் தொடங்கியவர்கள் அடுத்து கேட்பது, மறு காதையும் செய்துவிடலாமா என்பதுதான். குறைந்தது ஆறு மாதம், பலர் ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். முதல் காது நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க. அதற்குள் சிலர் மனம் மாறிவிடுகிறார்கள். ஒரு காதில் பிஸ்டனும் மறு காதில் எய்டுமாகவே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பிஸ்டனின் வகை எழுதிய அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இன்றைய பிஸ்டன்கள் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு அசையாதவைதான், ஆனாலும் ஸ்கேன் அறை வாசலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.